கதவைக் கழற்றிய கார்கள்

போன பங்குனி உத்திரத்துக்கு முந்தைய வருடம் எங்கள் கார் தேரியில் புதைந்தது. திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காடு பார்த்தவர்களுக்குத் தெரியும், அது செம்மண் இல்லை, சிவப்பு மணல். காற்று கொண்டுவந்து குவித்த மணல். அதற்குள்தான் எங்கள் குலதெய்வம் சாஸ்தா இருக்கிறார். வருடம் முழுக்க யாரும் எட்டிப் பார்க்காத அந்தப் பாதையில் உத்திரத்தன்று மட்டும் வேனும் டெம்போவும் காருமாக வரிசை கட்டும். எதிரே வந்த வேனுக்கு வழிவிட நான் பாதையை விட்டு ஒரு முழம் இறங்கினேன். அவ்வளவுதான்.

எங்களுடையது ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி. விளம்பரத்தில் மலை ஏறும், ஆற்றைத் தாண்டும். நிஜத்தில் முன்சக்கரம் இரண்டு மட்டுமே இழுக்கிற வண்டி. உள்ளே அப்பா, அம்மா, சித்தி, சித்தப்பா, இரண்டு வாண்டுகள், நான். பின்னால் பொங்கல் பானை, அரிசி, விறகு, இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் மூன்று. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. இன்னும் மிதித்தேன். முன்பக்கம் தாழ்ந்து பம்பர் மணலைத் தொட்டது. கால்மிதியை உருவிச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தோம். அதைப் பின்னால் துப்பிவிட்டது.

பதநீர் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு வந்தார்.

“தம்பி, மிதிக்காதீங்க. மிதிக்க மிதிக்க அது குழிதான் தோண்டும். எல்லாரும் எறங்குங்க. சாமான எறக்குங்க.”

“அண்ணாச்சி, ஒரு டிராக்டர் கெடைக்குமா?” என்றார் அப்பா.

“டிராக்டர் எதுக்கு? காத்தப் புடுங்குனா வந்துரும்.”

பக்கத்தில் நின்ற உடைமரத்தில் ஒரு முள்ளை ஒடித்தார். டயர் வால்வின் மூடியைக் கழற்றி நடுப்பின்னை முள்ளால் அழுத்தினார். ‘புஸ்’ஸென்று காற்று போனது. அளவுமானி எல்லாம் இல்லை. டயரின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துப் பார்த்து நான்கையும் இறக்கினார். சக்கரத்துக்கு முன்னால் மணலைக் கையால் சரிவாக வழித்துவிட்டு, “இப்பம் மெதுவா, ரெண்டாவது கியர்ல” என்றார். கார் ஒன்றுமே நடக்காததுபோல மேலேறி வந்தது. காசு வாங்க மாட்டேன் என்றவருக்கு அம்மா அப்புறம் ஒரு தூக்கு நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினாள்.

ஊர் திரும்பியதும் சித்தப்பா மகன் விடவில்லை. “அண்ணே, வண்டிய மாடிஃபை பண்ணிருவோம்” என்று ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிப்போனான். அங்கே எழுதிக் கொடுத்த பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஸ்பிரிங்கை உயர்த்தும் லிஃப்ட் கிட், பெரிய டயர், இரும்பு பம்பர், கூரையில் கேரியர், அதன்மேல் விளக்குப் பட்டை, பானட்டை ஒட்டி மேலே போகும் ஸ்னார்க்கல் குழாய். இரண்டே முக்கால் லட்சம். பட்டியலை இரண்டாவது தடவை படித்தபோதுதான் உறைத்தது. இதில் இருக்கும் ஒவ்வொன்றும் வண்டியில் எதையோ ஏற்றுகிறது. அந்தப் பெரியவர் செய்தது எல்லாமே இறக்கியது: ஆளை, சாமானை, காற்றை.

யார் சொல்வது சரி என்று தேடப் போய்த்தான் நூறு வருடம் பின்னால், எகிப்தில் போய் நின்றேன்.

*

மைக்கேல் ஒண்டாட்ஜியின் ‘தி இங்கிலிஷ் பேஷன்ட்’ படித்தவர்களுக்கு, அல்லது படமாவது பார்த்தவர்களுக்கு, இந்த இடம் புதிதில்லை. கொழும்பில் பிறந்த ஒண்டாட்ஜி 1992-இல் எழுதிய அந்த நாவலில், 1930-களில் லிபியப் பாலைவனத்தில் கார்களோடு அலைந்த ஒரு சிறு கூட்டம் வரும். தொலைந்த சோலையான செர்சுராவைத் தேடுகிறவர்கள். நாவலின் அல்மாஷி நிஜத்தில் இருந்த ஒரு ஹங்கேரியர். காதல் கதை கற்பனை. கார்கள் கற்பனையல்ல. நாவலை முதல் தடவை படித்தபோது நான் காதலை மட்டும்தான் பார்த்தேன். கார்கள் அங்கே எப்படிப் போயின என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எகிப்தின் மேற்கே, லிபிய எல்லையை ஒட்டி, பெரும் மணற்கடல் என்று ஒரு பரப்பு இருக்கிறது. வடக்கிலிருந்து தெற்காக, வரிசை வரிசையாக, சில இடங்களில் நூறு மீட்டரையும் தாண்டும் மணல் மேடுகள். 1874-இல் கெர்ஹார்ட் ரோல்ஃப்ஸ் என்ற ஜெர்மானியர் ஒட்டகங்களோடு கிழக்கிலிருந்து அதைக் கடக்கப் பார்த்தார். ஒட்டகத்தால் அந்த மேடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே ஏறி இறங்க முடியவில்லை. வடக்கே திரும்பி, மேடுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களின் வழியாகவே சிவா சோலைக்குப் போய்ச் சேர்ந்தார். நடுவில் ஓரிடத்தில் அதிசயமாக மழை பெய்தது. அந்த இடத்துக்கு ‘மழைவெளி’ என்று பொருள்படும் ரேகன்ஃபெல்ட் என்று பெயரிட்டு, கற்குவியலுக்குள் ஒரு குறிப்பைப் புட்டியில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்து வந்தவர்களில் ஒருவர் பணக்காரர். எகிப்திய அரச குடும்பத்து இளவரசர் கமால் அல்-தீன் ஹுசைன். 1920-களில் அவர் கொண்டுபோனவை சித்ரோவென் கம்பெனியின் சங்கிலிப் பட்டை வண்டிகள். பின்சக்கரத்துக்குப் பதில் டாங்கியில் இருப்பதுபோலப் பட்டை ஓடும். பாலைவனத்துக்கென்றே செய்யப்பட்டது மாதிரியான வண்டி, விலையும் அப்படி. 1926-இல் கில்ஃப் கபீர் என்ற மாபெரும் பீடபூமிக்குப் பெயர் வைத்தவர் அவர்தான். அவரைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் அந்த வண்டிகள் மெதுவானவை. பின்தொடர்ந்து பெட்ரோலும் தண்ணீரும் சுமந்துவர ஒரு படையே வேண்டும்.

அதே வருடம், 1926-இல், ரால்ஃப் பேக்னால்ட் என்ற முப்பது வயது ராணுவ அதிகாரி கெய்ரோவுக்கு மாற்றலாகி வந்தார். கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர், சிக்னல் பிரிவுக்காரர். (அவருடைய அக்கா ஈனிட் பேக்னால்ட் பின்னாளில் ‘நேஷனல் வெல்வெட்’ எழுதிப் பெரும் புகழ் பெற்றார். அவர்கள் வீட்டில் எழுத்துக்குப் பஞ்சமில்லை.) விடுமுறை வந்தால் மற்ற அதிகாரிகள் போலோ ஆடினார்கள். பேக்னால்டும் சில நண்பர்களும் சொந்தக் காசில் கார் எடுத்துக்கொண்டு பாலைவனத்துக்குப் போனார்கள். எடுத்துப்போன கார் ஃபோர்டு மாடல் டி.

மாடல் டி பற்றி ஒரு வார்த்தை. உலகத்திலேயே அதைவிடச் சாதாரணமான கார் அன்று கிடையாது. 1908-இலிருந்து 1927 வரை ஒன்றரைக் கோடி விற்றது. விவசாயி, பால்காரர், பள்ளி ஆசிரியர் என எல்லார் வீட்டு வாசலிலும் நின்ற குடும்ப வண்டி. இருபது குதிரைத்திறன், இன்றைக்கு ஒரு நடுத்தர மோட்டார் பைக்கின் சக்தி. பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். அதில் பாலைவனத்தில் போகலாம் என்ற யோசனை பேக்னால்டுடையதும் அல்ல. முதல் உலகப் போரில் ‘லைட் கார் பேட்ரோல்’ என்ற சிறு பிரிட்டிஷ் படைப்பிரிவுகள் இதே மாடல் டி-யில் எகிப்தின் மேற்குப் பாலையில் ரோந்து சுற்றியிருந்தன. போர் முடிந்ததும் அந்த அனுபவம் ஓர் அறிக்கையாக அலமாரிக்குப் போய்விட்டது. பேக்னால்ட் கூட்டம் பாதியை மறுபடி கண்டுபிடித்தது, மீதியைப் புதிதாகக் கண்டுபிடித்தது.

*

அவர்கள் காருக்குச் செய்த மாற்றங்களைப் படிக்கப் படிக்க எனக்கு அந்தப் பதநீர்ப் பெரியவர்தான் ஞாபகம் வந்தார்.

முதலில் கழற்றினார்கள். வேண்டாத உடற்பகுதி போனது. கதவு, மேல்கூடு, முடிந்தால் முன்கண்ணாடி, எல்லாம். மிஞ்சியது அடிச்சட்டம், எஞ்சின், உட்கார ஒரு பலகை, சாமான் வைக்க ஒரு மரப்பெட்டி. இதில் வீரம் ஒன்றுமில்லை, வெறும் கணக்கு. ஒரு கதவின் எடைக்குச் சமமாகப் பெட்ரோலோ தண்ணீரோ கூடுதலாக ஏற்றலாம். பாலையில் ஒரு காரின் எல்லை என்பது எஞ்சினால் தீர்மானமாவதில்லை, எவ்வளவு பெட்ரோல் சுமக்கிறது என்பதில் தீர்மானமாகிறது.

அடுத்தது ரேடியேட்டர். எனக்கு மிகப் பிடித்தது இதுதான். மணலில் முக்கி முக்கிப் போகும்போது எஞ்சின் சூடாகித் தண்ணீர் கொதித்து ஆவியாக வெளியேறும். குடிக்கவேண்டிய தண்ணீரைக் கார் குடிக்கும். அவர்கள் செய்தது இவ்வளவுதான்: ரேடியேட்டரின் மூடியை இறுக அடைத்து, வழிந்தோடும் குழாயிலிருந்து ஒரு ரப்பர் குழாயை இழுத்து, பக்கவாட்டில் கட்டிய ஒரு டின்னுக்குள், பாதி தண்ணீருக்கு அடியில் முங்கும்படி விட்டார்கள். கொதிக்கும்போது ஆவி அந்தத் தண்ணீருக்குள் போய்க் குளிர்ந்து தண்ணீராகிவிடும். டின் தாங்காத அளவுக்குச் சூடானால் காரைக் காற்று வரும் பக்கம் திருப்பி நிறுத்துவார்கள். எஞ்சின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, டின்னில் இருந்த தண்ணீரை ரேடியேட்டர் தானே ‘களக்’கென்று உறிஞ்சிக்கொள்ளும். கசிவு இல்லையென்றால் பயணம் முழுக்க ஒரு சொட்டு ஊற்ற வேண்டியதில்லை. இன்று நம் கார்களில் கூலன்ட் ஊற்றும் வெள்ளை பிளாஸ்டிக் டப்பா செய்வதும் ஏறக்குறைய இதே வேலை.

மூன்றாவது, சிக்கினால் மீள. முதலில் கயிற்று ஏணிகளைச் சக்கரத்துக்கு அடியில் போட்டுப் பார்த்தார்கள். பிறகு கெய்ரோவில் ஒரு பழைய இரும்புக் கடையில் பேக்னால்டுக்கு நீளமான எஃகுத் தகட்டுக் கால்வாய்கள் கிடைத்தன. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்குக் கூரை போடச் செய்தவையாம். பின்சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தோண்டி அதைச் செருகினால் சக்கரத்துக்கு ஒரு தண்டவாளம் கிடைத்த மாதிரி. கார் அதன்மேல் ஏறி வேகம் பிடித்து ஓடிவிடும். ஆட்கள் தகட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓட வேண்டும். இன்று ஆன்லைனில் ஆரஞ்சு நிறத்தில் விற்கும் பிளாஸ்டிக் பலகைகளின் பாட்டனார் அந்தக் காயலான் கடைச் சரக்கு.

நான்காவது, திசை. காரின் இரும்பும் மின்சாரமும் காந்த ஊசியைக் குழப்பும். ஒவ்வொரு தடவையும் இறங்கி, காரை விட்டுத் தள்ளிப்போய்த் திசை பார்ப்பது ஆகிற காரியமில்லை. டேஷ்போர்டில் ஒரு வட்டத் தகடு, நடுவில் செங்குத்தாக ஒரு ஊசி. ஊசியின் நிழல் எந்த பாகையில் விழுகிறது என்று பார்த்தபடியே ஓட்டலாம். சூரியன் நகர்வதற்கு ஏற்பத் தகட்டைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இதற்கும் முன்னோடி லைட் கார் பேட்ரோலில் உண்டு. பேக்னால்ட் அதைச் செம்மையாக்கினார்.

கடைசியாக, காற்று. மணல் இளகும் இடத்தில் டயரைத் தளர்த்துவது.

இதன் கணக்கு எளிது, ஆனால் எனக்கு நாற்பது வயதுவரை யாரும் சொல்லித்தரவில்லை. என் கார் ஆளோடு 1800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 450 கிலோ. பஞ்சர் கடையில் “முப்பத்திரண்டு வைங்கண்ணே” என்கிறோமே, அது சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு, சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டேகால் கிலோ. 450-ஐ அதால் வகுத்தால் இருநூறு சதுர சென்டிமீட்டர். ஒன்றரை போஸ்ட்கார்டு. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுவது அவ்வளவுதான். காற்றைப் பாதியாக்கினால் மூன்று போஸ்ட்கார்டு. டயரின் சுவருக்கும் கொஞ்சம் விறைப்பு இருப்பதால் அப்படியே இரட்டிப்பாகாது, ஆனால் போக்கு அதுதான். அந்தத் தடம் அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் வளர்கிறது. சக்கரம் மணலுக்குள் கத்தியாக இறங்காமல், மேலே பாயாகப் படுக்கிறது. ஒரு பைசா செலவில்லை. சிக்கல் பிறகு வரும்: கெட்டித் தரைக்கு வந்ததும் மறுபடி காற்றடிக்க வேண்டும். தளர்ந்த டயரோடு வேகமாகப் போனால் சூடேறிக் கிழியும். வளைவில் ஒடித்தால் டயர் விளிம்பை விட்டுக் கழன்றுகொள்ளும்.

*

1929-இல் அவர்களிடம் ஃபோர்டின் புது வண்டி, மாடல் ஏ, இருந்தது. நாற்பது குதிரைத்திறன். அதுவும் கடையில் விற்கும் குடும்ப வண்டிதான். அதை வைத்துக்கொண்டு, ரோல்ஃப்ஸின் ஒட்டகங்கள் திரும்பிய மணற்கடலுக்கு எதிரே வந்து நின்றார்கள்.

பெரிய மேட்டைப் பார்த்தால் யாருக்கும் தோன்றுவது மெதுவாக, பார்த்துப் பார்த்து ஏற வேண்டும் என்பதுதான். பேக்னால்ட் அதற்கு நேர்மாறாகச் செய்தார். மணிக்கு நாற்பது மைல் வேகத்தில் மணல் சுவரை நோக்கி நேராக ஓட்டினார். மோதிச் சாகப்போகிறோம் என்று தோன்றிய கணத்தில் கார் மூக்கைத் தூக்கி, லிஃப்டில் போவதுபோல வழுக்கிக்கொண்டு உச்சிக்குப் போய்விட்டது. அந்த அனுபவத்தை 1935-இல் வெளியான ‘லிபியன் சேண்ட்ஸ்’ நூலில் எழுதியிருக்கிறார். இன்று யாராவது எழுதியிருந்தால் பக்கத்துக்குப் பக்கம் வீரம் வழியும். அவர் வியப்படைகிறார், அவ்வளவுதான். உடனே அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்: ஏன் புதையவில்லை?

அந்த ஏன்-க்குப் பின்னால் போனதுதான் அவருடைய வாழ்க்கையின் மறுபாதி. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பி, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஒரு காற்றுச் சுரங்கம் கட்டி அதில் மணலை ஊதிப் பார்த்தார். காற்று எதிர்ப்படும் பக்கம் ஒவ்வொரு மணியாகத் தத்தித் தத்தி வந்து, இடைவெளியில் பொருந்தி இறுகுகிறது. அந்தச் சரிவு கெட்டி. உச்சியைத் தாண்டி மறுபக்கம் கொட்டும் மணல் சரிந்து விழுந்து, பொலபொலவென்று தளர்வாகக் கிடக்கிறது. அந்தச் சரிவு பொறி. கண்ணுக்கு இரண்டும் ஒரே மணல். 1941-இல் வந்த அவருடைய ‘மணல் வீச்சின் இயற்பியல்’ நூல் இன்றும் அந்தத் துறையின் அடிப்படை. 2015-இன் இறுதியில் செவ்வாய்க் கிரகத்தில் கியூரியாசிட்டி ஊர்தி எட்டிய மணல்மேடுகளுக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் பேக்னால்ட் மேடுகள்.

காருக்குச் செய்த மாற்றங்கள் எல்லாம் சேர்ந்து பாதிதான். மீதிப் பாதி, எந்த மணலில் சக்கரம் வைப்பது என்ற அறிவு. நான் வேனுக்கு வழிவிட இறங்கிய இடம் ஒரு சிறு மேட்டின் மறுசரிவு. எந்த லிஃப்ட் கிட்டும் அதை என்னிடம் சொல்லியிருக்காது.

*

இதுவரை எழுதியதைப் படித்தால் இது ஒரு இனிமையான சாகசக் கதை. எனக்கும் அப்படித்தான் இருந்தது, கூஃப்ரா என்ற பெயர் குறுக்கிடும்வரை.

பேக்னால்டின் நூலுக்குத் துணைத்தலைப்பு ‘ஓர் இறந்த உலகில் பயணம்’ என்ற பொருளில் இருக்கும். ஆனால் அந்த உலகம் எல்லோருக்கும் இறந்ததாக இல்லை. 1931 ஜனவரியில் இத்தாலியப் படைகள் லிபியாவின் கூஃப்ரா சோலையைப் பிடித்தன. அங்கிருந்த குடும்பங்கள் குழந்தைகளோடும் ஒட்டகங்களோடும் கிழக்கே, தண்ணீரில்லாத பாலைக்குள் ஓடின. நூற்றுக்கணக்கான மைல். வழியெங்கும் தாகத்தில் செத்தார்கள். அந்தச் சமயம் எகிப்திய அளவைத் துறையின் பாட் க்ளேட்டன் வரைபடப் பணிக்காகக் கார்களோடு அந்தப் பக்கம் இருந்தார். அகதிகளைக் கண்டதும் அளவைப் பணியை விட்டுவிட்டு, வண்டிகளில் தண்ணீர் கொண்டுபோய், ஆட்களை ஏற்றி வந்து காப்பாற்றினார். இந்தக் கார்களின் மொத்த வரலாற்றில் உருப்படியான பயணம் எது என்று என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன். செர்சுராவைத் தேடியதை அல்ல.

எட்டு வருடத்தில் போர் வந்தது. மறுபடி பணிக்கு அழைக்கப்பட்ட பேக்னால்ட் கென்யாவுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். மத்தியதரைக் கடலில் அந்தக் கப்பல் இன்னொன்றோடு மோத, பழுதுபார்க்க எகிப்தில் கரை ஒதுங்கியது. கெய்ரோவில் பழைய நண்பர்களைப் பார்க்கப் போனவரைத் தளபதி வேவல் அங்கேயே பிடித்துவைத்துக்கொண்டார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் பேக்னால்ட் ஒரு திட்டத்தை நீட்டினார்: எதிரி யாரும் வரமுடியாது என்று நினைக்கும் மணற்கடல் வழியாக அவன் முதுகுக்குப் பின்னால் போய் வேவு பார்ப்பது. ஆறு வாரம் கொடுத்தார்கள். அதுதான் லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப்.

வண்டி? ராணுவ வண்டி எதுவும் சரிப்படவில்லை. சந்தையில் விற்ற ஒன்றரை டன் செவர்லே லாரிகளைப் பிடித்தார்கள். நான்கு சக்கர இழுவை கிடையாது. கதவு, கண்ணாடி, கூரை கழன்றன. ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டைகள் சேர்ந்தன. ஆவி பிடிக்கும் டின், சூரிய ஊசி, எஃகுத் தகடு எல்லாம் ஏறின. விடுமுறையில் விளையாட்டாகச் செய்த அதே பட்டியல். ஒன்றே ஒன்று புதிது: இயந்திரத் துப்பாக்கி.

ஓட்டியவர்கள் முதலில் நியூசிலாந்துக்காரர்கள். பலர் பண்ணைப் பிள்ளைகள், சொந்த லாரியைச் சொந்தக் கையால் பழுது பார்த்து வளர்ந்தவர்கள். பிறகு இந்தியன் லாங் ரேஞ்ச் ஸ்குவாட்ரன் என்று நம் ஆட்களும் போனார்கள். குதிரைப்படைகளிலிருந்து எடுத்த ஜாட், முஸ்லிம், ராஜ்புத், சீக்கியர் என ஆங்கிலேயர் வழக்கப்படி இனவாரியாகப் பிரித்த ரோந்துகள். வரலாற்றுப் புத்தகங்களில் இவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பத்தி. நானும் அதைத் தாண்டவில்லை என்பது உறுத்துகிறது.

1941 ஜனவரி 31 அன்று ஜெபல் ஷெரீஃப் என்ற இடத்தில் ஒரு ரோந்து மாட்டிக்கொண்டது. இத்தாலியர்கள் தாக்கியதில் சில லாரிகள் எரிந்தன. ரோந்தை நடத்திச் சென்ற பாட் க்ளேட்டன் சிறைப்பட்டார். ஆம், பத்து வருடம் முன்னால் கூஃப்ரா மக்களை ஏற்றிவந்த அதே க்ளேட்டன். தப்பி ஒளிந்தவர்களில் நான்கு பேர் சரணடைய மறுத்தார்கள். ரான் மூர் என்ற நியூசிலாந்துச் சிப்பாயின் காலில் குண்டுச் சிதறல். கையில் இரண்டு காலன் கொள்ளும் ஒரு டின்னில் தண்ணீர், கிட்டத்தட்ட உணவே இல்லை. தெற்கே நடந்தார்கள். பத்து நாள், இருநூறு மைலுக்கு மேல். பிரெஞ்சுக்காரர்கள் கண்டெடுத்தபோது மூர் இன்னும் நடந்துகொண்டிருந்தார். நால்வரில் ஒருவர் மீட்கப்பட்ட பிறகு இறந்துபோனார். கார் இல்லாத மனிதனுக்கு அந்த நிலம் என்னவாக இருந்தது என்பதை நான் கூஃப்ரா அகதிகளையும் மூரையும் சேர்த்து வைத்துத்தான் புரிந்துகொண்டேன்.

அடுத்த வருடம் எதிர்த்திசையிலிருந்து ஒருவர் அதே மணலைக் கடந்தார். ஜெர்மானியருக்காக இரண்டு உளவாளிகளை நைல்நதிக் கரையில் கொண்டுபோய் இறக்கினார். பிரிட்டிஷாரிடமிருந்து கைப்பற்றிய ஃபோர்டு வண்டிகளில் வந்தவர், அல்மாஷி. செர்சுராவைத் தேடிய கூட்டத்தில் ஒருவர். தேநீர்க் கோப்பையோடு ஒரே வரைபடத்தைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் இப்போது அந்த வரைபடத்தின் இரு பக்கம் நின்றார்கள்.

*

போருக்குப் பிறகு கதை தலைகீழானது. வீட்டுக் காரைப் பாலைக்குப் பழக்கியது போய், போர் வண்டியை வீட்டுக்குப் பழக்க ஆரம்பித்தார்கள். வில்லிஸ் கம்பெனி 1946-இல் ஜீப் முகத்தோடு குடும்ப ஸ்டேஷன் வேகன் விட்டது. 1940-களின் இறுதியில் மும்பையில் மஹிந்திரா வில்லிஸ் ஜீப்பைக் கோக்கத் தொடங்கியது. 1970-இல் ரேஞ்ச் ரோவர். வருடம் போகப் போக இருக்கைக்கு மெத்தை, கதவுக்குள் பஞ்சு, கூரையில் கண்ணாடி என்று ஏறி ஏறி, இன்று என் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியில் வந்து நின்றது. அதற்குமேல் இரும்பு பம்பரை மாட்டி மறுபடி போர் வண்டி மாதிரி காட்டத்தான் என்னிடம் இரண்டே முக்கால் லட்சம் கேட்டார்கள்.

பெரிய டயரே கூடாது என்று சொல்லவில்லை. ஐஸ்லாந்துக்காரர்கள் அதை வைத்துத்தான் அதிசயம் செய்தார்கள். அங்கேயும் தொடக்கம் போர் விட்டுப்போன ஜீப்புகள்தான். ‘யெப்பி’ என்றே அவர்கள் மொழியில் சொல் நிலைத்துவிட்டது. 1980-களில் லேண்ட் குரூஸர், பஜேரோ, பேட்ரோல் போன்ற குடும்ப வண்டிகளின் மட்கார்டை வெட்டி 38 அங்குலம், 44 அங்குல டயர்களை மாட்டினார்கள். பார்வைக்கு ராட்சசத்தனம். நோக்கம் அதே போஸ்ட்கார்டு கணக்குதான். பனிப்பாறை மேல் போகும்போது அந்த டயரில் வைக்கும் காற்று சில சமயம் இரண்டோ மூன்றோ பவுண்டு. ஏறக்குறைய காலி. அவ்வளவு தளர்ந்தும் வண்டியைத் தாங்க வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு பெரிய டயர். டயர் விளிம்பிலிருந்து கழன்றால் உள்ளே லைட்டர் திரவத்தைப் பீச்சித் தீக்குச்சி காட்டுவார்கள். ‘டப்’பென்று வெடித்து டயர் தன் இடத்தில் உட்கார்ந்துவிடும். (வீட்டில் முயல வேண்டாம்.) பனிப்புயலில் சிக்கியவர்களைத் தேடிப்போகும் தன்னார்வலர்கள் இப்படிப்பட்ட வண்டிகளில்தான் போகிறார்கள். பாசியும் புல்லும் உள்ள நிலத்தில் சாலையை விட்டு இறங்குவது அங்கே குற்றம். உறைந்து பனி மூடிய தரையில் மட்டும் போகலாம். வண்டிக்குக் கொடுத்த சுதந்திரத்துக்கு நிலத்தின் பக்கமிருந்து ஒரு கடிவாளம்.

நம் ஊரில் கடிவாளம் வண்டிக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் இதைக் கேட்டபோது, “அதெல்லாம் பாத்துக்கலாம் சார்” என்றார்கள். தேரிக்குள் கார் போகலாமா, எந்தப் பகுதியில் கூடாது என்று எங்களிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. எங்கள் வண்டி நின்ற இடத்தில் நசுங்கிய செடிகளை நானும் அன்றைக்குப் பார்க்கவில்லை.

இம்பீரியல் போர் அருங்காட்சியகத்திடம் ஒரு செவர்லே லாரி இருக்கிறது. பேக்னால்ட் படையுடையது. 1980-இல் லிபியப் பாலையில் கண்டெடுத்தது. பெயின்ட் அடிக்காமல், துருவைச் சுரண்டாமல், கிடைத்தபடியே வைத்திருக்கிறார்கள். படத்தில்தான் பார்த்தேன். கதவில்லை, கூரையில்லை, கண்ணாடியில்லை. விட்டுப்போகும்போதே அவை இல்லை என்பதால், நாற்பது வருட மணலுக்குப் பிறகும் அது அதிகம் இழந்ததாகத் தெரியவில்லை.

இந்தப் பங்குனி உத்திரத்துக்கு நான் ஒரு காற்றழுத்தமானியும், சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் சின்னப் பம்பும் வாங்கியிருந்தேன். மூவாயிரத்துச் சொச்சம். தார்ச்சாலை முடியும் இடத்தில் காரை நிறுத்தினேன். நான்கு டயரையும் பதினெட்டுக்கு இறக்கினேன். அப்பா மானியைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, வாண்டுகள் ‘புஸ்’ என்று கூடவே கத்தின. தண்ணீர்க் கேன் மூன்றில் இரண்டை ஊரிலேயே விட்டுவிட்டோம், கோயிலில் அடிபம்பு இருக்கிறது. “வெறகையும் எறக்கிரலாமே, அங்க பொறுக்கிக்கலாம்” என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். விறகு வந்தது.